ஐஸ் கம்பெனியின் பின்வாசல் திறந்திருக்கிறது, வாங்க!

காலை நான்கரை மணி. தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடி இன்னும் போர்வைக்குள் இருக்கிறது. ஆனால் ஐஸ் கம்பெனிக்குள் எல்லா விளக்கும் எரிகின்றன. ரேடியோ பாடுகிறது, மோட்டார் உறுமுகிறது, யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பின்பக்கம் போக அனுமதி கிடைத்துவிட்டது! சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள். "பைய வாங்க, தரை வழுக்கும்" என்று உள்ளிருந்து குரல் வருகிறது. உண்மைதான், ஈரம் இல்லாத இடமே இங்கே கிடையாது.

முதலில் முகத்தில் மோதுவது குளிர்ச்சி இல்லை, அனல். மூலையில் ஆளுயர அடுப்பில் ஓர் அண்டா நிறையப் பால் கொதிக்கிறது. சர்க்கரை கொட்டியாயிற்று, ஏலக்காய் தட்டிப் போட்டாயிற்று. துடுப்பு போட்டுக் கிண்டிக்கொண்டிருக்கும் அண்ணாச்சியின் பனியன் முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. ஊருக்கெல்லாம் குளிர்ச்சி கொடுக்கிற இந்த மனிதர் விடியுமுன்னே வியர்வையில் குளித்திருக்கிறார். "ஐஸ் வேலைன்னா ஜில்லுனு இருக்கும்னு நெனச்சு வேலைக்குச் சேந்தேன்" என்கிறார். அந்த அறை முழுக்கச் சிரிப்பு. தினமும் சொல்கிற ஜோக் போலிருக்கிறது, ஆனாலும் தினமும் சிரிக்கிறார்கள்.

அடுத்து தொட்டி. மரச்சட்டம் போட்ட நீளமான தொட்டிக்குள் கல்லுப்பு கரைத்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. மெஷின் அதைப் பூஜ்யத்துக்கும் கீழே குளிர வைத்தாலும் உப்பு அதை உறையவிடாது. தூத்துக்குடி உப்பு மூட்டைகள் சுவரோரம் அடுக்கிக்கிடக்கின்றன. இனிப்பு ஐஸுக்கு அடியில் இவ்வளவு உப்பு வேலை செய்கிறது என்பது எனக்கே புதுச் செய்தி! விரலை ஒரு நொடி உள்ளே விட்டுப் பார்த்தேன். சுரீர் என்று எலும்பு வரை ஏறியது.

ஆறவைத்த பாலை வரிசை வரிசையாகக் குழாய் வைத்த தகர அச்சுகளில் ஊற்றுகிறார்கள். ஒரு சொட்டு கூட வெளியே சிந்தவில்லை. மேலே குச்சிகள் செருகிய மூடியைப் பொருத்தி, அச்சை அப்படியே உப்புத்தண்ணீரில் இறக்குகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு. மூடியைப் பிடித்து மேலே இழுத்தால் மொத்த வரிசையும் கையோடு வந்துவிடுகிறது. பால் ஐஸ், திராட்சை ஐஸ், மாங்காய் ஐஸ் என்று வெள்ளை, ஊதா, மஞ்சளில் ஆவி பறக்கிறது.

இங்கேதான் எனக்குச் சின்ன வயதிலிருந்து இருந்த சந்தேகம் தீர்ந்தது. சேமியா ஐஸில் ஏன் நுனியில் மட்டும் சேமியா கொத்தாக இருக்கிறது? அந்த அண்ணாச்சி ஓர் அச்சைக் கவிழ்த்துக் காட்டினார். குச்சி செருகும் பக்கம் அச்சின் மேல்பக்கம். நாம் முதல் கடி கடிக்கிற நுனி அச்சின் அடிப்பக்கம். சேமியா கனத்தில் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவுதான்! முதல் கடியிலேயே புதையல் கிடைக்கிற மாதிரி யாரும் திட்டம் போடவில்லை, சேமியாவே பார்த்துக்கொண்டது.

ஆறு மணிக்கு மேல் வாசலில் ஒரே கூட்டம். டிவிஎஸ் ஐம்பதுகள், சைக்கிள்கள், பின்னால் தெர்மாகோல் வைத்த பெட்டிகள். "எனக்கு பால் ஐஸ் நூறு, கலர் அம்பது!" "நேத்துப் பாக்கிய மொதல்ல எழுதுங்க!" முனை மடங்கிப்போன ஒரு நோட்டுப் புத்தகத்தில்தான் இந்தக் கம்பெனியின் மொத்தக் கணக்கும் இருக்கிறது. ஒருவர் ஹார்னை அமுக்கிப் பார்க்கிறார், இன்னொருவர் பெட்டி மூடிக்குச் சாக்கை மடித்து வைக்கிறார். ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஊரே வானத்தப் பாத்துக் கும்பிடும். நானும் கும்பிடுவேன், இன்னும் ஒரு வாரம் கழிச்சு வா சாமின்னு!" என்றார் ஒருவர். சீசன் வந்தால் அருவிக்கரைக் கடைகளுக்குக் கொண்டாட்டம், தெருவில் ஐஸ் விற்பவருக்கு ஓய்வு.

இந்தத் தொழிலைச் சின்னதாக நினைத்துவிட வேண்டாம். விருதுநகர் மாவட்டத்துத் திருத்தங்கல்லில் பிறந்த ஆர்.ஜி.சந்திரமோகன் 1970 இல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கியதும் ஐஸ் தயாரிப்புதான். தள்ளுவண்டியில் விற்ற அந்த வியாபாரமே அருண் ஐஸ்கிரீமாக வளர்ந்தது.

குழந்தைகளுக்கு இனிப்பு கொடுப்பதில் ஆய்க்குடிக்கு இன்னும் பழைய பெருமை ஒன்று உண்டு. பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலில் பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள் செய்யும் நேர்த்திக்கடன் படிப்பாயசம். அனுமன் நதிப் படித்துறையில் பாயசத்தை ஊற்றுவார்கள், பிள்ளைகள் அந்தப் படியிலேயே குனிந்து உண்பார்கள். குழந்தைகள் வயிறு குளிர்ந்தால் சாமி மனம் குளிரும் என்று நம்புகிற ஊரில் ஐஸ் கம்பெனி விடியுமுன் விழித்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன!

சரி, கோடை விடுமுறை வந்தாயிற்று, பிள்ளைகள் சும்மா விடுவார்களா? மிருகங்களைப் பார்க்க வண்டலூர் போக வேண்டுமென்றால் ஒரு ராத்திரி ரயிலில் கழிய வேண்டும். தென்காசிப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் திருவனந்தபுரம்தான் கைக்கெட்டுகிற மிருகக்காட்சிசாலை. புளிசாதம், எலுமிச்சைச் சாதம், தண்ணீர்க் குடம் என்று வேன் நிரம்புகிறது. செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாக மலை இறங்குகிறோம். பதின்மூன்று கண்ணறைப் பாலம் தெரிந்ததும் ஜன்னல் பக்கம் எல்லாத் தலையும் சாய்கிறது.

இந்த மிருகக்காட்சிசாலை பிறந்த கதையே ருசியானது. 1857 இல் திருவனந்தபுரத்தில் மியூசியம் திறந்தார்கள், எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 1859 இல் மிருகங்களையும் சேர்த்தார்கள், ஜனம் வந்துவிட்டது. இன்று நகரத்தின் நடுவில் 55 ஏக்கரில் மரநிழலாக விரிந்திருக்கிறது. நமக்கு வேண்டியது நிழல் இல்லை, சமையலறை. அதோ அந்தக் கதவுதான், வாங்க!

உள்ளே கல்யாண வீட்டுக் காய்கறி நறுக்கும் இடம் தோற்றது. வாழைப்பழத் தார், தர்பூசணிக் குவியல், பப்பாளி, கேரட், கீரைக்கட்டு. கத்தி பலகையில் தடதடக்கிறது. பாத்திரத்துக்குப் பாத்திரம் வேறு வேறு கணக்கு: குரங்குக்கு இது, கரடிக்கு இது, பறவைக்கு இது. ஒருவர் நறுக்கிக்கொண்டே பாட்டு முணுமுணுக்கிறார். புலி சிங்கத்துக்கு இறைச்சி. இந்திய மிருகக்காட்சிசாலைகளில் அவற்றுக்கு வாரம் ஒரு நாள் உபவாசமும் உண்டு.

இப்போது பெரிய உறைபெட்டியைத் திறக்கிறார்கள். அடடா, இங்கேயும் ஐஸ்! தண்ணீரில் தர்பூசணியும் ஆப்பிளும் திராட்சையும் போட்டு உறைய வைத்த கட்டிகள். அச்சு வேறு, ஆசை ஒன்றுதான். இது கரடிக்கான கோடைப் பலகாரம். பராமரிப்பாளர் கட்டியைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், கை விறைத்துப்போய் வலது தோளுக்கும் இடது தோளுக்குமாக மாற்றுகிறார். நாமும் பின்னால் ஓடுகிறோம்.

"வா மோளே" என்று அவர் கூப்பிட்டதும் கரடி உள்ளறையிலிருந்து எழுந்து வருகிறது. முதலில் மூக்கால் மோந்து பார்க்கிறது. ஒரு நக்கு. சிலிர்த்துப் பின்வாங்குகிறது. மறுபடி வருகிறது. பிறகு இரண்டு கையாலும் கட்டியை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது! உள்ளே தெரிகிற திராட்சையை எடுக்க நகத்தால் சுரண்டுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் கப் ஐஸோடு நிற்கிற பிள்ளைகளும் மரக்கரண்டியால் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். பராமரிப்பாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே இவ்வளவு தூரம் வரலாம்.

புலிக்கு ரப்பர் குழாயில் குளியல், நீர்யானைக்குக் குளம் மாற்றும் வேலை என்று மத்தியானம் வரை யாருக்கும் உட்கார நேரமில்லை. 2014 இல் இலங்கைத் தெகிவளையிலிருந்து வந்த அனகோண்டாக்களைப் பார்க்கக் கண்ணாடிமுன் நெரிசல். அந்தக் கண்ணாடியில் பதிகிற ஆயிரம் கைரேகைகளையும் சாயங்காலம் துடைப்பவரை யாரும் பார்ப்பதில்லை. நாம் பார்த்துவிட்டோம்.

வெயில் தாழ்ந்ததும் கடலோர விழிஞ்ஞம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் 'சாகரிகா' மீன்காட்சியகம். முன்பக்கம் இருட்டும் நீல ஒளியும், "அம்மா, இங்க பாரு!" என்ற கூச்சலும். பின்பக்கம்? குழாய்கள், வாளிகள், வலைகள், ஈரச் சிமென்ட், மூக்கைத் துளைக்கும் கடல் வாசனை. காலையில் ஐஸ் தொட்டியில் பார்த்த உப்புத்தண்ணீர் இங்கே மீன்களுக்கு வீடாகிவிட்டது.

தீனி நேரம். கணவாயைப் பொடிப்பொடியாக நறுக்கிய தட்டோடு ஒருவர் தொட்டிகளின் மேல்பக்கம் நடக்கிறார். முன்னால் நிற்பவர்களுக்கு வானத்திலிருந்து தீனி விழுவதாகத்தான் தெரியும்! கோமாளி மீன்கள் அவர் நிழல் விழுந்த உடனேயே மேலே வந்து மொய்க்கின்றன. சிங்க மீன் அசையாது, வாய்க்கு அருகில் வந்தால் மட்டும் லபக். "அதுக்குத் தனியா ஊட்டணும், இல்லேன்னா பட்டினி கெடக்கும்" என்று நீளமான இடுக்கியில் ஒரு துண்டைக் கொண்டுபோய் நீட்டுகிறார். கடல் குதிரைக்கு இன்னும் செல்லம், உயிரோடு நீந்துகிற பொடி இரை வேண்டும். குஞ்சுகளை வயிற்றுப் பையில் சுமப்பது ஆண் கடல் குதிரை என்று அவர் சொன்னதும், கூட வந்த அப்பாக்களைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

நீங்களும் இந்தக் கோடையில் கிளம்புங்கள். திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள். காலையிலேயே போய்விடுங்கள், மிருகங்கள் அப்போதுதான் உற்சாகமாக நடமாடும். கூண்டைப் பார்த்த கண்ணோடு, வாளி தூக்கி நடக்கிறவரையும் பாருங்கள். "இதுக்குப் பேர் என்ன அண்ணே, இன்னிக்கு என்ன சாப்பிட்டுச்சு?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். சொந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்ட மாதிரி முகம் மலர்ந்து பதில் சொல்வார்கள். ஊர் திரும்பியதும் தெருவில் ஹார்ன் கேட்டால் சேமியா ஐஸ் வாங்குங்கள், விற்கிற அண்ணாச்சியிடமும் நின்று நாலு வார்த்தை பேசுங்கள். அவரிடமும் நல்ல ஜோக் ஒன்று இருக்கும்.