டரான்டுலாவுக்கு ஒரு வீடு

வீட்டு மூலையில் செத்துக் கிடக்கும் சிலந்தியை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? எட்டுக் கால்களும் உட்பக்கமாகச் சுருண்டிருக்கும். காரணம் வேடிக்கையானது. சிலந்தியின் முக்கியமான கால்மூட்டுகளில் மடக்கும் தசை உண்டு. நீட்டும் தசை இல்லை. மண் தோண்டும் இயந்திரத்தின் கை எண்ணெய் அழுத்தத்தால் நீள்வது போல, சிலந்தி தன் இரத்தத்தை அழுத்தித் தள்ளியே காலை நீட்டுகிறது. உயிர் போனால் அழுத்தம் போகும், கால் மடங்கிவிடும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால், டரான்டுலா என்னும் பெருஞ்சிலந்திக்கு இருப்பிடம் அமைப்பதில் பாதி விளங்கிவிடும்.

மெக்சிகோவின் பசிபிக் கரைப் பகுதியில் வாழும் செம்முட்டி டரான்டுலாவை எடுத்துக்கொள்வோம். கரிய உடல், மூட்டுகளில் செம்மஞ்சள் நிறம். கால்களை விரித்தால் ஏறத்தாழ 15 செ.மீ. இருக்கும். அழகே அதற்கு ஆபத்தாயிற்று. வளர்ப்பதற்கென்று ஏராளமாகப் பிடித்ததால், 1985இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆகவே, கூண்டிலேயே பிறந்ததைத்தான் வளர்க்க வேண்டும்.

அப்படி ஒன்றை நீங்கள் வளர்ப்பதாக வைத்துக்கொள்வோம். உயரமான கண்ணாடித் தொட்டியே நல்லது என்று தோன்றும். அதுதான் தவறு! இது மண்ணில் வளை தோண்டி வாழும் இனம். ஆனாலும் கண்ணாடியில் ஏறிப் பார்க்கும். வழுக்கி விழுந்தால் மெல்லிய தோலுடைய வயிறு கிழிந்து இரத்தம் கசியும். இரத்தம் குறைந்தால் அழுத்தம் ஏது? அழுத்தம் இல்லாமல் கால் நீளுமா? 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள தொட்டி போதும். அதிலும் 10 செ.மீ.க்குக் குறையாமல் தரை நிரப்புங்கள். மேலே 20 செ.மீ. இடைவெளிதான் மிஞ்சும். விழுந்தாலும் அடி குறைவு. (இந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் டரான்டுலாக்கள் உண்டு. அவற்றின் கதை வேறு. அவை உயரத்துக்கே பழகியவை.)

தரைக்கு என்ன போடுவது? நம் ஊர்க் கயிற்றுத் தொழிலில் கழிவாக விழும் தென்னை நார்த்தூள்தான் இன்று வெளிநாட்டு வளர்ப்பாளர் பலரின் தேர்வு! செங்கல் போல அழுத்தி அனுப்புகிறார்கள். நீரில் போட்டால் உப்பிப் பொலபொலவென்று உதிரும். மேலே காய்ந்தும் அடியில் சற்றே ஈரமாகவும் இருக்கட்டும். பாதி புதைத்த உடைந்த பூந்தொட்டி ஒன்று, ஒளிந்துகொள்ள. ஆழமற்ற கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர்.

கம்பிவலை மூடி வேண்டாம். கால் நகம் சிக்கிக் காலே போய்விடலாம். சிறு துளைகளிட்ட மூடி போதும். விளக்குச் சூடும் வேண்டாம், உடல் உலர்ந்துவிடும். 22 முதல் 28 டிகிரி செல்சியஸ் போதுமானது. கையில் எடுத்து விளையாடவும் கூடாது. வயிற்று மயிரை உதறிவிடும். கண்ணில் பட்டால் பெருந்தொல்லை.

ஒருநாள் அது மல்லாந்து அசையாமல் கிடக்கும். செத்துவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள்! கால்களைப் பாருங்கள். சுருளாமல் விரிந்திருந்தால் அது தோலுரிக்கிறது. தொட்டியை அசைக்காதீர்கள். இரையாகப் போட்ட சுவர்க்கோழி ஏதேனும் உள்ளே இருந்தால் மெல்ல எடுத்துவிடுங்கள். மென்மையான புது உடலை அது கடித்துவிடும். புதிய நச்சுப்பற்கள் முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும். அவை நன்றாகக் கறுத்த பின்பே அடுத்த இரை.