விபுலாநந்தர் கண்ட மாணாக்கர் நலம்

பசித்திருக்கும் மாணாக்கனுக்கு ஒழுக்கம் போதித்தல் பயன் தராது. இதனை நன்குணர்ந்தவர் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி உப்போடையில் 1929 ஆம் ஆண்டு சிவானந்த வித்தியாலயம் தோன்றியது. அங்கு ஆதரவற்ற சிறுவர்க்கு இராமகிருஷ்ண சங்கத்தார் உணவும் உறையுளும் அளித்தனர். பாடம் அதன்பின்னரே.

விடாமுயற்சியையோ அவர் தம் வாழ்வாற் காட்டினார். வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தை மீட்க ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆராய்ந்தார். விஞ்ஞானம் கற்ற அவருக்குக் கணிதமும் துணைநின்றது. நோயுற்ற காலத்தும் பணி தளரவில்லை. இத்துணைப் பொறுமை, பரீட்சைப் புள்ளிகளையே எண்ணுவார்க்கு வியப்பளிக்கலாம். 1947 ஜூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் 'யாழ்நூல்' அரங்கேறியது. ஜூலையில் அவர் மறைந்தார். அவரது சமாதி அவ்வித்தியாலய வளவிலேயே அமைந்துள்ளது.