திருத்தணியிலிருந்து தொடங்கலாம் அமெரிக்க இசை வரலாறு

கோடை விடுமுறையில் அமெரிக்க ஆசிரியர்கள் பலர் மறுபடி மாணவர்களாகிறார்கள். கலை, இலக்கிய, வரலாற்றுப் படிப்புகளுக்காக 1965இல் அங்கே உருவான அரசு நிதி அமைப்பு, சில வாரங்கள் நீளும் பயிலரங்குகளுக்குப் பணம் தந்திருக்கிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க இசை மையம் நடத்திய அப்படியொரு பயிலரங்கில் பாடமே இதுதான்: நாட்டின் வரலாற்றைப் பாட்டு வழியாக வகுப்பில் நடத்துவது எப்படி?

தமிழ்நாட்டு இசைப் பேராசிரியர்கள் இப்படியொரு பாடத்தை எங்கிருந்து தொடங்கலாம்? ஆந்திர எல்லையோர முருகன் மலையான திருத்தணியிலிருந்தே தொடங்கலாம்.

முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) தம் முதல் கீர்த்தனையை இந்த மலையில்தான் பாடினார். முதியவராக வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டு இட்டதாக மரபு சொல்கிறது. ‘குருகுஹ’ முத்திரை பிறந்த இடமும் இதுவே. மணலி முதலியார்களின் ஆதரவில் அவர் குடும்பம் சென்னைக் கோட்டையின் பேண்டு இசையைக் கேட்டது. தம்பி பாலுசுவாமி வயலின் கற்றார். அண்ணனோ அந்த ஆங்கில மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். மேற்கத்திய மேஜர் ஸ்கேலின் சுரங்கள் சங்கராபரணத்தோடு ஒத்துப்போவதால், குழந்தைகளும் எளிதில் பாடுகிறார்கள்.

அவற்றில் ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டு. கடல் கடந்த அதே மெட்டுக்கு 1831இல் சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித் என்ற இறையியல் மாணவர் புது வரிகள் எழுத, அந்த ஆண்டு ஜூலை 4 அன்று பாஸ்டன் தேவாலயத்தில் சிறுவர்கள் பாடினார்கள். மன்னரை வாழ்த்திய மெட்டு, மன்னரை உதறிய நாட்டின் தேசபக்திப் பாடலாயிற்று. தீட்சிதர் அப்போது உயிரோடிருந்தார்.

1939இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனின் பெரிய அரங்கம் மறுக்கப்பட்டது. ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறன்று லிங்கன் நினைவகப் படிகளில் நின்று, சுமார் 75,000 பேர் முன் அவர் முதலில் பாடியது ஸ்மித்தின் அந்தப் பாடலைத்தான். நிறவெறியைப் பற்றி ஒரு பருவம் முழுக்க விரிவுரை கேட்கும் மாணவரைவிட, அவர் பாடிய ஒலிப்பதிவையும் தீட்சிதரின் நோட்டுஸ்வரத்தையும் அடுத்தடுத்துக் கேட்பவர் அதிகம் கேள்வி கேட்பார். பயிலரங்குகள் ஆசிரியருக்குத் தர வேண்டிய பயிற்சியும் அதுதான்: மெட்டு யாருடையது என்பதோடு நிற்காமல், யார் பாடினார், எங்கே, யாருக்கு இடமில்லை என்று கேட்க வைப்பது.

அடுத்த வகுப்புக்கும் திருத்தணியிலேயே பாடம் இருக்கிறது. ஆங்கிலப் புத்தாண்டுக்குத் துரைகளைப் பார்த்து வணங்கப் போனவர்களை முருகன் பக்கம் திருப்பவே, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் டிசம்பர் 31 படித்திருவிழாவைத் தொடங்கினார் என்பார்கள். பஜனைக் குழுக்கள் இன்றும் 365 படிகளிலும் திருப்புகழ் பாடியபடி ஏறுகின்றன.