போதைக்கும் தடுப்பூசி உண்டா?

தடுப்பூசி என்றதும் போலியோ, சின்னமுத்து, ஏற்புவலி ஆகியவையே நம் நினைவுக்கு வரும். அவை கிருமிகளால் உண்டாகும் நோய்கள். கிருமியே இல்லாத போதைப்பொருளுக்கு எதிராகவும் தடுப்பூசி தயாரிக்க முடியுமா? முடியும் என்ற நம்பிக்கையோடு விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டாக முயன்று வருகிறார்கள்.

அபினிலிருந்து கிடைக்கும் மோர்பின், மோர்பினிலிருந்து செய்யப்படும் ஹெரோயின், ஆய்வுகூடத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்படும் பென்டனில் ஆகிய மூன்றும் ஒபியோயிட் எனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மோர்பினும் பென்டனிலும் வைத்தியர் கையில் கடும் வலியைத் தணிக்கும் நல்ல மருந்துகள். கள்ளச் சந்தையிலோ உயிர்க்கொல்லிகள். பென்டனில் மோர்பினை விடச் சுமார் 100 மடங்கு வீரியம் கூடியது. அளவு சற்று மிஞ்சினாலும் மூச்சை இயக்கும் மூளைப்பகுதி மந்தமாகி, சுவாசம் நின்றுவிடும். ஐக்கிய அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் மாத்திரம் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போதைப்பொருளின் அளவு மிஞ்சியதால் இறந்தனர். அவர்களில் பெரும்பாலானோரின் உயிரைப் பறித்தவை பென்டனில் போன்ற செயற்கை ஒபியோயிட்டுகளே.

இங்கே தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது? போதைப்பொருளின் மூலக்கூறு மிகச் சிறியது. நம் நிர்ப்பீடனத் தொகுதி அதைக் கண்டுகொள்வதேயில்லை. எனவே, அதைப் போன்ற அமைப்புடைய மூலக்கூறொன்றைப் பெரிய புரதத்துடன் இணைத்து ஊசியாக ஏற்றுகிறார்கள். நாம் சிறுவயதில் பெற்ற ஏற்புவலித் தடுப்பூசியிலுள்ள புரதமும் இதற்குப் பயன்படுவதுண்டு. அந்தப் புரதத்தைக் கண்டு விழித்துக்கொள்ளும் உடல், அதில் ஒட்டியிருக்கும் சிறு மூலக்கூறுக்கு எதிராகவும் பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. பின்னர் உண்மையான போதைப்பொருள் குருதிக்குள் வந்தால் அவை அதைப் பற்றிப்பிடிக்கும். பிடிபட்டது பருமனாகிவிடுவதால் மூளைக்குள் நுழைய முடியாது. மூளையை எட்டாவிட்டால் மயக்கமும் இல்லை, மூச்சும் நிற்காது.

1974இல் மோர்பினுக்கு எதிராக இவ்வாறு ஊசி ஏற்றப்பட்ட ஒரு குரங்கு, ஹெரோயினை நாடுவதைக் குறைத்துக்கொண்டதாக அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தனர். 2022இல் ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய தடுப்பூசி, எலிகளில் பென்டனில் மூளையை அடைவதைத் தடுத்தது. அது மோர்பினைத் தடுக்கவில்லை. இது ஒரு நன்மையே. தடுப்பூசி பெற்றவருக்கு நாளை சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் வலியைத் தணிக்க வழியுண்டு.

எனினும் தடைகள் பல. பிறபொருளெதிரிகள் போதியளவு உருவாகப் பல வாரங்கள் செல்லும். எல்லோருடைய உடலிலும் அவை ஒரே அளவில் உருவாவதுமில்லை. புகைத்தலைக் கைவிட உதவுமென எதிர்பார்க்கப்பட்ட நிக்கொட்டின் தடுப்பூசி 2011இல் பெரிய பரிசோதனைகளில் தோற்றுப்போனது.

அப்படியானால் இம்முயற்சி எதற்கு? சிகிச்சை பெற்றுத் திருந்திய ஒருவர் பல மாதங்களின் பின் ஒரே ஒரு நாள் தடுமாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பு பழகிய அதே அளவை இப்போது அவரது உடல் தாங்காது. நலொக்சோன் என்ற மாற்று மருந்து அவரைக் காப்பாற்றலாம்; ஆனால் அதைக் கொடுக்க அருகில் ஒருவர் இருக்க வேண்டும். தனிமையில் விழுபவருக்கு அவரது குருதியிலேயே காவல் வைப்பதுதான் இத்தடுப்பூசியின் நோக்கம்.

பெற்றோரே, தோழியரே! ஊசி போதைப்பொருளை மறிக்கலாம். அதைத் தேடும் ஏக்கத்தை மறிக்காது. அதற்குச் சிகிச்சையும் ஆலோசனையும் குடும்பத்தின் அரவணைப்பும் வேண்டும். அடிமையானவரை வெறுத்து ஒதுக்காமல் நோயாளியாகக் கண்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்வது, எந்தத் தடுப்பூசி வரும்வரையும் காத்திருக்க வேண்டிய காரியமல்ல.