உஷார்! உங்கள் போனுக்கு இரண்டே விநாடி

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். போன் ஒட்டுக்கேட்புக்கு மத்திய அரசு மாதம் 7,500 முதல் 9,000 உத்தரவுகள் வரை போட்டது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் தெரியவந்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் தன் அறிக்கையிலேயே இதை எழுதியது. அவற்றைச் சரிபார்க்க வேண்டிய மறுஆய்வுக் குழு கூடுவதோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஒரே கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகள்! டீ குடிக்கக்கூட எழுந்திருக்காமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு உத்தரவுக்கு முழுசாக இரண்டு விநாடி தேறாது. யாருடைய போன் என்று பெயரைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த கோப்பு வந்துவிடும்.

அந்த மறுஆய்வுக் குழுவில் யார் யார்? கேபினட் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர், தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர். உத்தரவு போடுகிறவர் உள்துறைச் செயலாளர். கேட்பதும் அரசு, கொடுப்பதும் அரசு, சரிபார்ப்பதும் அரசு. நீதிபதி கிடையாது, எம்.பி. கிடையாது. உங்கள் போனை ஒட்டுக்கேட்டார்கள் என்று முடிந்த பிறகும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். இனித் தேவையில்லாத ஆவணங்களையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்கிறது விதி. அப்புறம் எதை வைத்து வழக்குப் போடுவீர்கள்?

ஒட்டுக்கேட்கும் உளவு அமைப்புகளையும் பாருங்கள். உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி. 1887-ல் வெள்ளைக்காரன் தொடங்கியது. வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா' 1968-ல் வந்தது. இரண்டுக்கும் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் தவிர மற்ற எதையும் தகவல் உரிமைச் சட்டத்தில் அவர்களிடம் கேட்க முடியாது. இவர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவர எம்.பி. மணீஷ் திவாரி 2011-ல் கொண்டுவந்த தனிநபர் மசோதா அப்படியே காலாவதியானது. அமெரிக்க செனட் 1976-லும் பிரிட்டன் 1994-லும் உளவுத்துறையைக் கேள்வி கேட்கக் குழு அமைத்துவிட்டன. நாம் இன்னும் அமைக்கவில்லை.

ஒட்டுக்கேட்பதோடு போகட்டும் என்று விடவும் முடியாது. உளவுத்துறை எழுதித் தரும் குறிப்பு நாட்டின் முடிவுகளுக்குள் நுழைகிறது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஒரு வழக்கறிஞரைப் பற்றி ஐ.பி. என்ன எழுதியது தெரியுமா? பிரதமரை விமர்சித்த கட்டுரை ஒன்றைச் சமூக வலைதளத்தில் பகிர்ந்தார் என்று. அது தகுதியைக் குறைக்காது என்று உச்ச நீதிமன்ற கொலீஜியம் 2023 ஜனவரியில் வெளிப்படையாக எழுதிய பிறகுதான் நமக்கே தெரிந்தது. அப்போதைய சட்ட அமைச்சர் கிரண் ரிஜிஜு கவலைப்பட்டது, அந்தக் குறிப்பு வெளியே வந்ததற்காக! ஒரு கட்டுரையைப் பகிர்ந்தது பாதுகாப்புப் பிரச்சினையா? நேற்று நீங்கள் ஃபார்வர்டு செய்தது என்ன என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

உளவுத்துறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2008-ல் மும்பையில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பயங்கரவாதத்தைக் காட்டி நியாயப்படுத்தும் அதிகாரம் வேறு எங்கெல்லாம் போகிறது என்பதற்கு நம் ஊரிலேயே வழக்கு இருக்கிறது. சென்னைக்காரர் ஒருவரின் போனை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை 2011 ஆகஸ்டில் உத்தரவு போட்டது. அது லஞ்சப் புகார் விசாரணை. பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாதபோது இது செல்லாது என்று 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதை ரத்து செய்தார். பதிவானதை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவே இல்லை என்பதும் அதில் வெளிப்பட்டது. அந்த இரண்டு விநாடிகூட அவருக்குக் கிடைக்கவில்லை! நியாயம் கிடைக்க 14 வருஷம் ஆனது.

ஒட்டுக்கேட்புக்கு 2024 டிசம்பரில் புது விதிகள் வந்தன. குழு மட்டும் அதே செயலாளர்கள் குழுதான். மாநிலத்திலும் இதே கதை. உள்துறைச் செயலாளர் உத்தரவு போட, தலைமைச் செயலாளர் குழு பார்க்கும். ஆளும் கட்சி மாறினாலும் இந்த ஏற்பாடு மாறுவதில்லை, எதிர்க்கட்சியாக இருக்கும்போது கத்தியவர்களும் ஆட்சிக்கு வந்ததும் இதைத் தொடுவதில்லை.

உங்கள் தொகுதி எம்.பி. அடுத்த முறை ஊருக்கு வரும்போது ரோடு, தண்ணீரோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: "ஐ.பி.யைக் கேள்வி கேட்க நாடாளுமன்றத்தில் ஒரு குழு வேண்டும் என்று நீங்கள் எப்போதாவது பேசியிருக்கிறீர்களா?"