ஊர் ஊராய்ப் போன கூடைப்பந்து அணி

குழந்தைகளே... பெற்றோரின் பனியன் கம்பெனி வேலைக்காக, மண்ணரைக்குக் குடிவந்து, புதுப் பள்ளியில் சேர்ந்தவரா நீங்கள்? உங்களைப் போலவே ஊர் மாறிய கூடைப்பந்து அணி ஒன்று அமெரிக்காவில் உள்ளது!

ராசெஸ்டர் நகரில், 'ராயல்ஸ்' என்ற பெயரில் ஆடிய அணி, 1951ல் என்.பி.ஏ., தொழில்முறை லீக் போட்டியில் சாம்பியன் ஆனது. 1957ல் சின்சினாட்டி, 1972ல் கான்சாஸ் சிட்டி, 1985ல் சாக்ரமென்டோ என, இடம் மாறியது. கான்சாஸ் சிட்டியில், 'ராயல்ஸ்' என்ற பேஸ்பால் அணி ஏற்கனவே இருந்ததால், 'கிங்ஸ்' எனப் பெயரும் மாறியது.

கடந்த 2013ல், சியாட்டில் நகருக்கு மாற்ற முயற்சி நடந்தது. சாக்ரமென்டோ மக்கள் விடவில்லை. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே தலைமையிலான குழு அணியை வாங்கியது; கிங்ஸ் அங்கேயே தங்கியது. 2019ல் மும்பை வந்தும் ஆடியது. இந்தியாவில் நடந்த முதல் என்.பி.ஏ., ஆட்டங்கள் அவைதான்.

அரவணைப்பவர் இருந்தால், புது ஊரும் சொந்த ஊராகும். உங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவரை, இன்றே விளையாட அழையுங்கள்!