விற்றவர் யார்?



எந்த வீட்டிலும் நிகழக்கூடிய ஒரு நிகழ்ச்சியை முதலில் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். தாய் ஒருத்தி கைப்பேசி வழியாகப் பிரஷர் குக்கர் ஒன்று வாங்குகிறாள். படம் அழகாயிருந்தது, விலை குறைவு, முன்னர் வாங்கியோர் பலர் புகழ்ந்து எழுதியிருந்தனர். பணம் செலுத்தினாள், மூன்றாம் நாள் பெட்டி வாயிலுக்கே வந்து சேர்ந்தது. ஒரு திங்கள் கழிந்தது. நீராவியை வெளிவிட வேண்டிய வால்வு சரிவர இயங்காமையால் மூடி தெறித்தது. அவள் கை வெந்தது. இப்போது அவள் யாரிடம் சென்று முறையிடுவாள்?

கடைத்தெருவில் வாங்கியிருந்தால் இவ்வினாவே எழாது. கடை இருக்கிறது; கடைக்காரர் இருக்கிறார். இணையச் சந்தையிலோ நிலைமை வேறு. "நாங்கள் விற்கவில்லை; விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்தோம், அவ்வளவே" என்று நிறுவனம் கூறுகிறது. விற்றவர் என்று பெட்டியில் அச்சிடப்பட்ட பெயருக்கு உரியவரோ, எழுதிய மடலுக்கு விடை தருவதில்லை. பொருள் வந்தது, பணம் போயிற்று, பொறுப்பு மட்டும் எங்கோ மறைந்துவிட்டது. மறைந்த அப்பொறுப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது இக்காலச் சட்ட ஆராய்ச்சியின் முக்கியமான பணிகளுள் ஒன்று. அதனைப் பற்றியே இன்று சிறிது சிந்திப்போம்.

புகார் நகரத்தில் குவிந்து கிடந்த பொதிகளின்மீது, உரிய வணிகரின் பெயர் குறிக்கப்பட்டிருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. பொருளுக்கு உரியவர் இன்னார் என்று தெரிந்திருப்பது வாணிகத்தின் முதற்படி என்பதற்கு இது சான்று. ஆயினும், பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா? ஆங்கிலச் சட்ட மரபில் "வாங்குவோன் விழிப்பாயிருக்க வேண்டும்" என்னும் கொள்கையே நெடுங்காலம் கோலோச்சிற்று. நம் நாட்டில் 1930இல் இயற்றப்பட்ட பொருள் விற்பனைச் சட்டமும் அக்கொள்கையை அடிப்படையாகக் கொண்டு, சில விலக்குகளை மட்டும் வகுத்தது.

அக்கொள்கையை அசைத்த வழக்கு ஒன்று உண்டு. 1928இல் ஸ்காட்லாந்திலுள்ள பெய்ஸ்லி நகரத்து உணவு விடுதியில், ஒரு பெண்மணிக்கு அவருடைய தோழி இஞ்சிப் பானம் ஒரு புட்டி வாங்கித் தந்தார். ஒளி புகாத அப்புட்டியிலிருந்து அழுகிய நத்தை ஒன்று வெளிப்பட்டது என்பதும், அதனால் நோயுற்றார் என்பதும் அப்பெண்மணியின் வழக்கு. விலை கொடுத்தவர் அவரல்லர். ஆகவே ஒப்பந்தத்தைக் காட்டி எவரிடமும் ஈடு கேட்க அவருக்கு வழியில்லை. எனினும், பொருளை ஆக்கியவர், அதனை இறுதியில் பயன்படுத்துவோர்பால் கவனத்துடன் நடந்துகொள்ளக் கடமைப்பட்டவர் என்று 1932இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை முடிவு செய்தது. ஒப்பந்தம் என்னும் கயிறு இல்லாவிடினும் பொறுப்பு உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம். நம் நாட்டிலும் 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தோன்றி, மாவட்டம், மாநிலம், நாடு என்னும் மூன்று படிகளில் முறைமன்றங்களை அமைத்தது.

இவையெல்லாம் ஆக்குவோர், விற்போர், வாங்குவோர் என்னும் வரிசையை எண்ணி எழுந்தவை. இணையச் சந்தை அவ்வரிசையின் நடுவே வந்து நின்றது. அது கடையா, கடை வைக்க இடம் கொடுத்த நிலக்காரரா, அன்றிக் கடிதத்தைச் சுமந்து செல்லும் அஞ்சற்காரரா? அஞ்சலில் வந்த கடிதத்தில் பொய் இருந்தால் அஞ்சற்காரரை ஒறுத்தல் முறையாகாது அன்றோ? இக்கருத்தைத் தழுவியே, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் தன் 79ஆம் பிரிவில் இடைநிலையாளருக்கு ஒரு காப்பு அளித்தது. பிறர் தரும் செய்தியைத் தாம் தேர்ந்தெடாமலும் மாற்றாமலும், உரிய கவனத்துடன் நடந்துகொண்டால், அச்செய்திக்காக அவர் பொறுப்பேற்க வேண்டுவதில்லை.

ஆனால், இன்றைய இணையச் சந்தை அஞ்சற்காரரைப் போன்றதுதானா? பொருளைத் தன் கிடங்கில் வைக்கிறது. தன் பெட்டியில் அடைக்கிறது. பணத்தைத் தானே பெறுகிறது. எப்பொருள் முதலில் கண்ணில் பட வேண்டும் என்பதையும் தானே முடிவு செய்கிறது. இவ்வளவும் செய்பவரை வெறும் தூதர் என்று கொள்ளலாமா என்பதே ஆராய்ச்சியாளரை மயங்க வைக்கும் வினா.

அமெரிக்க நாட்டில் இவ்வினாவுக்கு இரு வேறு விடைகள் கிடைத்தன. கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி அமேசான் தளத்தில், வேறொரு வணிகர் விற்ற மடிக்கணினி மின்கலம் ஒன்றை வாங்கினார். அது வெடித்து அவர் கடுமையான தீப்புண்களுக்கு ஆளானார். பொருளைக் கிடங்கில் வைத்து, பணம் பெற்று, தன் பெட்டியிலேயே அனுப்பிய நிறுவனம், விற்பனைச் சங்கிலியின் ஒரு கண்ணியே ஆகும். ஆகவே அது பொறுப்பினின்று நழுவ இயலாது என்று அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் கூறியது. டெக்சஸ் மாநிலத்திலோ, அதே தளத்தில் வாங்கிய தொலைக்காட்சிக் கருவியின் இயக்கியிலிருந்த மின்கலத்தை ஒரு குழந்தை விழுங்கி ஊறுபட்டது. அப்பொருளும் அந்நிறுவனத்தின் கிடங்கிலிருந்தே வந்தது. ஆயினும், பொருளின் உடைமை ஒருபோதும் நிறுவனத்தின் கைக்கு வராமையால், அம்மாநிலச் சட்டப்படி அது விற்பனையாளர் ஆகாது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்மானித்தது.

நிறுவனம் ஒன்று; செயலும் ஒன்று; தீர்ப்போ இரண்டு. காரணம் யாதெனின், ஒரு மன்றம் "இந்நிறுவனம் என்ன செய்தது?" என்று கேட்டது, மற்றொன்று "பொருள் யாருக்கு உடைமையாயிருந்தது?" என்று கேட்டது. கேள்வி மாறினால் விடையும் மாறும். சரியான கேள்வியைத் தேர்ந்தெடுப்பதே சட்ட ஆராய்ச்சியின் உயிர் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் இத்தகைய முரண்பாடு எழுந்தது. வணிகச் சின்னம் பற்றிய ஒரு வழக்கில், விற்பனையில் முனைந்து ஈடுபடும் தளம் 79ஆம் பிரிவின் காப்பைக் கோர இயலாது என்னும் கருத்தைத் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2018இல் வெளியிட்டார். அப்பிரிவு, முனைந்து ஈடுபடுவோர், வாளாவிருப்போர் என்று வேற்றுமை பாராட்டவில்லை என்று, வேறொரு வழக்கில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு 2020இல் கூறியது.

இதற்கிடையே நுகர்வோருக்கென்றே புதிய சட்டம் பிறந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வாங்கியவர் தாம் வாழும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்னும் உரிமையை அது அளித்தது. முகவரி அறியா வணிகரைத் தேடித் தொலைதூர நகரங்களுக்கு அலைய வேண்டியதில்லை. அதே திங்களில் வெளிவந்த மின்வணிக விதிகள், விற்பவரின் பெயரையும் முகவரியையும் தளம் வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்றும், முறையீட்டைப் பெற்றமையை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு ஒரு திங்களுக்குள் தீர்க்க வேண்டும் என்றும் பணித்தன. புகாரின் பொதிகளில் கண்ட பெயர்க் குறிப்பு, இங்ஙனம் புதிய உருவில் சட்டமாகியது எனலாம்.

முதலில் கூறிய குக்கருக்கு இப்போது திரும்புவோம். தர முத்திரையின்றிக் குக்கர் விற்றல் கூடாது என்னும் அரசாணை 2021 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனை மீறிய குக்கர்கள் அமேசான் தளத்தில் விற்கப்பட்டன என்று கண்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2022 ஆகஸ்டில் ஓர் ஆணை பிறப்பித்தது. விற்கப்பட்ட 2,265 குக்கர்களையும் வாங்கியோர் அனைவருக்கும் செய்தி அறிவிக்க வேண்டும். குக்கர்களைத் திரும்பப் பெற்று விலையைத் தர வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் தண்டமும் செலுத்த வேண்டும் என்பது அவ்வாணை. ஒவ்வொரு விற்பனையிலும் கட்டணம் பெற்று ஊதியம் அடைபவர், குறை நேரும்போது மட்டும் ஒதுங்கி நிற்றல் ஆகாது என்பதே ஆணையம் காட்டிய நியாயம். நிறுவனம் அதனை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது.

இந்நியாயத்தில் ஆழ்ந்த உண்மை ஒன்று உண்டு. ஒருவர் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொள்கிறார் என்பதைக் கொண்டு பொறுப்பை அளத்தல் கூடாது. அவர் செய்யும் செயலையும், பெறும் ஊதியத்தையும் கொண்டே அளத்தல் வேண்டும். அதே வேளையில், எல்லாப் பொறுப்பையும் தளத்தின் தலையிலேயே சுமத்தினால், பெரிய நிறுவனங்கள் சிறு வணிகரைச் சேர்த்துக்கொள்ளவே அஞ்சும். நெசவாளரும் கைவினைஞரும் தம் பொருளை நாடெங்கும் விற்கும் வாயில் அடைபடக்கூடும். இவ்விரு தீங்கிற்கும் இடையே நேரிய கோடு கிழிப்பது எளிதன்று. ஆராய்ச்சியாளர் ஒப்பந்த வாசகங்களைப் படிப்பதும், பல நாட்டுத் தீர்ப்புகளை ஒப்புநோக்குவதும், பணம் செல்லும் வழியைத் தொடர்ந்து காண்பதும் அக்கோட்டை வரைவதற்கே.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை வழக்கறிஞராவீர்கள். சிலர் சட்டம் இயற்றும் மன்றத்திலும் அமரக்கூடும். நீங்கள் அனைவரும் இன்றே நுகர்வோர். பொருளை வாங்குமுன் விற்பவர் பெயரையும் முகவரியையும் படியுங்கள். தர முத்திரையைத் தேடுங்கள். விலைச்சீட்டைப் போற்றி வையுங்கள். குறை நேர்ந்தால், "நமக்கேன் வம்பு" என்று வாளாவிராது முறையிடுங்கள். நத்தை கிடந்த புட்டியைக் கண்டு அப்பெண்மணி வாய் மூடியிருந்திருந்தால், அன்று அந்த நெறி பிறந்திராது. கை வெந்த தாயின் வினாவுக்கும், அதனை விடாது கேட்போர் இருக்கும் வரையில், விடை கிடைத்தே தீரும்.